செவ்வாய்க்கிழமை எடுத்த படம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். தப்பு. மூக்கில் இருந்தால் ஒரு தும்மலில் போய்விடும். எனக்கு அது நாக்கில் இருக்கிறது. இந்த விவகாரத்தில் நான் திட்டாத ஆள் பாக்கி இல்லை. முதல் திட்டு வாங்கியவள் என் அண்ணி. அதுவும் விசாரணை அலுவலகத்து மாடிப்படியில், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்க்க வாங்கினாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அந்த மாடிப்படிதான் காரணம்.

அண்ணி ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படம் திருத்துகிறவள். பத்தொன்பது வயதில் கவரின் மேல் பேர் எழுதிக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். திருத்துகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, முதலாளி இவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். பதினாறு வருஷமாக அதே நாற்காலி. ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிய அறை, இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து வெளிச்சம் திரையில் பட்டால் நிறம் தப்பாகத் தெரியுமாம், அதனால் அப்படி. காலையில் உள்ளே போனாள் என்றால் மழை பெய்ததா வெயில் அடித்ததா என்று சாயங்காலம் யாராவது சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மவுஸ் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை.

நாள் பூராவும் இருட்டில் உட்கார்ந்ததற்குப் பழிவாங்குகிற மாதிரி, வீட்டுக்கு வந்ததும் எல்லா விளக்கையும் போடுவாள். யார் போனில் எந்தப் படத்தைக் காட்டினாலும் குழந்தை அழகாக இருக்கிறது, இடம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. "கொஞ்சம் வெளிச்சம் ஏத்தலாம்" என்பாள். அதனால் நான் அவளுக்கு 'பிரைட்னஸ்' என்று பட்டப்பேர் வைத்தேன். என் பிள்ளைகளுக்கு அவள் 'பிரைட்னஸ் அத்தை'. அதைக் கேட்டு அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், நான் கிண்டல் செய்தது கோபப்படட்டும் என்றல்லவா.

அவளிடம் வருகிறவர்கள் கேட்பதைக் கேட்டால் உங்களுக்கும் எரியும். மாப்பிள்ளைக்கு முடி வை, மாமியாரைக் கொஞ்சம் ஒல்லியாக்கு, வரவே வராத பெரியப்பாவைப் பின்வரிசையில் நிற்க வை, சண்டை போட்டுக்கொண்டு போன தம்பியைக் குடும்பப் படத்திலிருந்து தூக்கு. தூக்கிவிட்டு ஆறு மாதம் கழித்துச் சமாதானமாகித் திரும்ப வை என்று வந்து நிற்பார்கள். அண்ணி முனகிக்கொண்டே எல்லாவற்றையும் செய்வாள். ஆனால் கைவசம் வந்த படத்துக்கு மூன்று பிரதி எடுக்காமல் வேலையைத் தொட மாட்டாள்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம். அவனுக்குப் பன்னிரண்டு கட்டிடங்கள், மாதம் இரண்டு தடவை ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். அதில் ஒன்று ஒன்பது மாடி அலுவலகக் கட்டிடம். ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே நான்காவது மாடிக் கதவின் பூட்டு தேய்ந்திருப்பதைப் பார்த்தான். லிஃப்ட் பெட்டி அந்த மாடிக்கு வந்து நின்றால் மட்டும்தான் வெளிக்கதவு திறக்க வேண்டும். பூட்டு தேய்ந்தால், பெட்டி வேறெங்கோ இருக்கும்போதே கதவு திறந்துகொள்ளும். உள்ளே வெறும் குழி. அண்ணன் போனில் பூட்டைப் படம் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பி, லிஃப்டை நிறுத்தட்டுமா என்று கேட்டான். திங்கட்கிழமை புதுப் பூட்டு வருகிறது, அதுவரை ஓடட்டும் என்று சூப்பர்வைசர் போன் பண்ணிச் சொன்னான். எழுத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவன் பிழைக்கத் தெரிந்தவன்.

வியாழக்கிழமை காலை அந்தக் கதவு திறந்துகொண்டது. கட்டிடத்தைத் துப்புரவு செய்கிற ஒரு அம்மா வாளியோடு உள்ளே கால் வைத்தார். ஒரு மாடி கீழே நின்றிருந்த பெட்டியின் தலைமேல் விழுந்ததால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பும் ஒரு காலும் முறிந்தன.

அன்று சாயங்காலமே அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். போன் கம்பெனியுடையது, அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். பூட்டு தேய்ந்ததை மெக்கானிக் எங்களுக்குச் சொல்லவே இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. படமா, எந்தப் படம், எனக்கு எதுவும் வரவில்லை என்றான் சூப்பர்வைசர். தொழிலாளர் துறை நடத்துகிற விசாரணையில் இது நிலைத்துவிட்டால் வேலை போவதோடு நிற்காது. அஜாக்கிரதையால் ஒருத்தரை முடமாக்கினான் என்று வழக்கு, தண்டனை. அண்ணன் அந்த ஒரு வாரத்தில் சட்டை தொளதொளக்கிற அளவுக்கு இளைத்துப்போனான்.

நல்ல வேளையாக ஒரு பிரதி இருந்தது. அண்ணன் போன் எப்போதும் நிரம்பி வழியும். வாரத்துக்கு ஒருமுறை அண்ணி அதிலிருக்கும் படங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு போனைக் காலி பண்ணிக் கொடுப்பாள். அந்த வாரம் புதன்கிழமை அதைச் செய்திருந்தாள். பூட்டுப் படம் பத்திரமாக இருந்தது. இருட்டாக இருந்தது.

இருட்டாக இருந்தால் இவளால் சும்மா இருக்க முடியுமா? சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தாள். பூட்டு மட்டும் தெரிகிற மாதிரி ஓரங்களை வெட்டினாள். வெளிச்சம் ஏற்றினாள். தேய்ந்த கொக்கி பளிச்சென்று தெரிந்தது. அதைப் பெரிதாக அச்சுப் போட்டு, கம்ப்யூட்டரில் இருந்த படக் கோப்பையும் ஒரு பென் டிரைவில் போட்டு விசாரணைக்குக் கொடுத்தோம். நானும் பார்த்தேன், சபாஷ் அண்ணி என்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு காகிதம் படிக்கிற மனுஷர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, களைத்தவர். எங்கள் பென் டிரைவைத் தன் கம்ப்யூட்டரில் சொருகிப் படத்தைத் திறந்தார். திரையில் முக்கால்வாசி கறுப்பு. நடுவில் ஏதோ இரும்பு மாதிரி ஒரு மினுக்கம். கையில் இருந்த அச்சுப் படத்தைப் பார்த்தார். பளிச்சென்ற பூட்டு. மறுபடி திரையைப் பார்த்தார்.

கம்பெனி வக்கீல் எழுந்து போய் அந்தக் கோப்பின் விவரத்தைத் திறந்து காட்டினார். திருத்திய தேதி: சனிக்கிழமை. விபத்துக்கு இரண்டு நாள் கழித்து. கூடவே, படம் திருத்துகிற ஒரு சாஃப்ட்வேரின் பேர்.

"மேடம், நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்று அண்ணியைக் கேட்டார். தேன் ஒழுகும் குரல்.

"போட்டோ ஸ்டுடியோல."

"அங்க என்ன வேலை?"

"படம் திருத்தறது."

அறையில் சிரித்தார்கள். சூப்பர்வைசர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துச் சிரித்தான். வக்கீல் உட்கார்ந்துவிட்டார், அதற்குமேல் அவர் பேசுவதற்கு என்ன இருக்கிறது? எடுத்த தேதி வேறு, திருத்திய தேதி வேறு என்று அண்ணி ஆரம்பித்தாள். அதிகாரி கையை உயர்த்தினார். "திருத்தாத ஒரிஜினல் இருந்தா அடுத்த தடவை கொண்டு வாங்கம்மா" என்று சொல்லி, பென் டிரைவை ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வாங்கி அலமாரியில் வைத்தார்.

மாடிப்படியில் எனக்கு வாய் திறந்துகொண்டது.

"கை சும்மாவே இருக்காதா உங்களுக்கு? எல்லாத்தையும் நோண்டணுமா? அவன் எடுத்தது எடுத்தபடி இருந்திருந்தா இன்னிக்கு நாம தலை நிமிர்ந்து வந்திருப்போம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காச்சுன்னு கேள்விப்பட்டிருக்கேன், நீங்க குரங்கைப் பிடிச்சு நம்ம தலையில உக்கார வச்சுட்டீங்க!"

"திருத்தாத பிரதி..." என்று ஆரம்பித்தாள்.

"இருக்கா?"

"இல்ல."

"ஊரான் வீட்டுக் கல்யாணப் படத்துக்கு மூணு பிரதி. கட்டின புருஷன் தலை போற படத்துக்கு ஒண்ணே ஒண்ணு!"

அண்ணன் "விடும்மா" என்றான். நான் விடவில்லை. அண்ணி மணிக்கட்டுப் பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். திருப்பி ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமாதானம் பேசப் போகவில்லை, ஒரு யோசனையோடு போனேன். அண்ணன் நாற்காலியில் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி அந்தப் படத்தைத்தான் திரையில் வைத்திருந்தாள்.

"முதல்ல இது எப்படின்னு எனக்குச் சொல்லுங்க," என்றேன். "காகிதத்துல பளிச்சுன்னு இருக்கு, அந்த ஆள் திறந்தா இருட்டா இருக்கு. ரெண்டும் ஒரே படம்தானே?"

அவளுக்குத் தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் போதும், முகமே மாறிவிடும்.

"ஒரு படத்துக் கோப்புல படம் மட்டும் இல்ல. கூடவே ஒரு குறிப்பு இருக்கும். எந்தக் கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணி. நான் வேலை செய்யற சாஃப்ட்வேர் படத்தைத் தொடவே தொடாது. இந்த ஓரத்தை வெட்டு, இவ்வளவு வெளிச்சம் ஏத்துன்னு அந்தக் குறிப்புல எழுதி வைக்கும், அவ்வளவுதான். திரும்ப இதுல திறந்தா குறிப்பைப் படிச்சு அதும்படி காட்டும். வேற எதுல திறந்தாலும் உங்க அண்ணன் எடுத்த படம் எடுத்தபடியே இருக்கும். அதான் அவருக்கு இருட்டாத் தெரிஞ்சுது."

"தேதி?"

"எடுத்த தேதி ஒரு வரி. செவ்வாய்க்கிழமை, காலைல பத்து இருபது. அதுல நான் கை வைக்கல. திருத்தின தேதி வேற வரி. அதைத்தான் அந்த வக்கீல் காட்டினாரு."

நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். தேதி பார்ப்பதுதான் என் பிழைப்பு. மாத்திரை அட்டையில் தயாரித்த தேதி இருக்கும், காலாவதி தேதி இருக்கும். ஒன்றைப் பார்த்து மற்றதென்று எண்ணி எவனாவது சண்டைக்கு வந்தால் கடையை விட்டுத் துரத்துவோம். இங்கே படித்த வக்கீல் ஒருவர் அதையே செய்கிறார், அறை முழுக்கச் சிரிக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"சரி. அப்ப ஒண்ணு பண்ணுங்க. அந்தத் திருத்தின தேதியை அழிங்க. சாஃப்ட்வேர் பேரை அழிங்க. குறிப்புல எழுதின எல்லாத்தையும் அழிங்க. இந்தாங்க ஒரிஜினல்னு கொண்டு போய்க் குடுப்போம். முடியுமா?"

"முடியும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"பத்து வினாடி."

"பண்ணுங்க."

பண்ணவில்லை. நான் இன்னொரு தரம் சொன்னேன். பொய் சொல்லச் சொல்லவில்லையே, செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தைச் செவ்வாய்க்கிழமை எடுத்தது என்று காட்டப் போகிறோம், இதில் என்ன பாவம் என்றேன். அண்ணன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். செய்யேன் என்று அவன் வாய் சொல்லவில்லை, கண் சொன்னது.

அண்ணி திரையைப் பார்த்தபடியே சொன்னாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்காரர் ஸ்டுடியோவுக்கு வந்தாராம். சுவர் ஈரம் ஏறி இடிவதற்கு முன்னால் எடுத்த பழைய படம். எடுத்த தேதியை, குடியிருக்கிறவர் வந்த நாளுக்குத் தள்ள வேண்டும் என்றார். முதலாளி, செஞ்சு குடும்மா, நமக்கென்ன என்றார். செய்து கொடுத்தாள். குடியிருந்த ஆள் ஒரு பள்ளிக்கூடக் காவலாளி. சுவரைக் கெடுத்தது நீதான் என்று அவரைக் காலி பண்ண வைத்துவிட்டார்கள். ஒருநாள் அந்தக் காவலாளி அந்தப் படத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்து, இதை யாரும்மா அச்சுப் போட்டது, இதுல தேதி எப்படி வந்துச்சு என்று கேட்டார். பின்னால் அவர் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடப் பையோடு நின்றன.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்," என்றாள் அண்ணி. "அவர் நன்றின்னு சொல்லிட்டுப் போனாரு."

அதற்குப் பிறகுதான் சாஃப்ட்வேரில் ஒரு இடத்தில் டிக் போட்டாளாம். செய்கிற மாற்றம் ஒவ்வொன்றையும் கோப்பிலேயே எழுதி வை என்று. டிக் போடாவிட்டால் அது தன் கணக்கில் மட்டும் வைத்துக்கொள்ளும், கோப்பில் எழுதாது. ஸ்டுடியோவிலும் வீட்டிலும் ஏழு வருஷமாக அந்த டிக் அப்படியே இருக்கிறது. யார் வந்து கேட்டாலும், என்ன மாற்றினாள், எப்போது மாற்றினாள் என்று கோப்பே சொல்லிவிடும். முதலாளிக்குத் தெரியாது.

"அந்த டிக் இல்லாம இருந்திருந்தா..." என்றேன்.

"சனிக்கிழமைன்னு எழுதியிருக்காது. படம் தப்பிச்சிருக்கும்."

"அப்ப உங்க நல்ல புத்திதான் எங்கண்ணனைச் சிறைக்கு அனுப்பப் போவுது!"

அவள் முதல்முறையாக என்மேல் பாய்ந்தாள். "எனக்கு மட்டும் சந்தோஷமா? உங்கண்ணன் எனக்கு யாரு, எதிர்வீட்டுக்காரனா? ராத்திரி அவரு தூங்கறதில்ல, நானும் தூங்கறதில்ல. ஆனா இதுல இனிமே நான் கை வைக்க மாட்டேன். ஒட்டின கவர்ல ஒரு கோப்பு இருக்கு. அதை மாதிரி இல்லாத இன்னொண்ணை நான் நீட்டினா, அப்ப நிஜமாவே பொய்க்காரிதான். நீ எழுந்து போ."

போனேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன் என்று பாதி வழியில்தான் தெரிந்தது. கோபத்தில் திரும்பப் போய் மாற்றவும் இல்லை.

இரண்டாவது விசாரணைக்கு அண்ணி ஸ்டுடியோ மடிக்கணினியைக் கொண்டு வந்திருந்தாள். வக்கீல் புன்னகையோடு எழுந்தார்.

"ஒரிஜினல் கொண்டு வந்தீங்களா மேடம்?"

"வேற எதுவும் இல்லைங்க. போன தடவை குடுத்ததுதான் ஒரே கோப்பு."

"அதுல எடுத்த தேதின்னு செவ்வாய்க்கிழமை போட்டிருக்குன்னு சொல்றீங்க. அந்தத் தேதியை மாத்த முடியுமா, முடியாதா?"

முடியாதுன்னு சொல்லு தாயே என்று நான் உள்ளுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"முடியும். பத்து வினாடி வேலை," என்றாள்.

இந்தத் தடவை சூப்பர்வைசர் ஷூவைப் பார்க்காமலே சிரித்தான். எனக்கு எழுந்து அவன் நாற்காலியை உதைக்க வேண்டும் போல் இருந்தது. அண்ணியின் நாற்காலியை அதற்கு முன்னால்.

ஆனால் அவள் உட்காரவில்லை. அதிகாரியைப் பார்த்துப் பேசினாள். "ஐயா, அதே பத்து வினாடியில சனிக்கிழமைங்கற வரியையும் என்னால அழிச்சிருக்க முடியும். பதினாறு வருஷமா இதான் என் வேலை. பொய் சொல்ல வந்தவ தன் கையெழுத்தை விட்டுட்டு வருவாளா? சனிக்கிழமை நான் தொட்டேன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். இவங்க அதையே எடுத்து என்னைத் திருடிங்கறாங்க!"

"நீங்க சொல்றது நியாயம்தான்," என்றார் அதிகாரி. "ஆனா இது வாதம்மா. சாட்சி இல்ல."

"அப்ப உங்க அலமாரியில இருக்கற கோப்பையே இந்த மெஷின்ல திறக்கறேன். உங்க கண்ணு முன்னாடி என் திருத்தத்தை ஒவ்வொண்ணா எடுத்துடறேன். அப்புறம் மிச்சம் இருக்கறதை நீங்களே பாத்துக்குங்க."

அதிகாரி கவரைக் கிழித்தார். அண்ணியின் சாஃப்ட்வேரில் படம் திறந்தது, அச்சுப் படத்தில் இருந்த அதே பளிச்சென்ற பூட்டு. ஓரத்தில் வரிசையாக அவள் செய்த மாற்றங்கள். வெளிச்சத்தை எடுத்தாள். பூட்டு மங்கியது. ஓரம் வெட்டியதை எடுத்தாள். படம் விரிந்தது, இருட்டும் கூடவே விரிந்தது.

"இதுல என்னங்க தெரியுது?" என்றார் வக்கீல். "ஒரே இருட்டு."

அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருட்டு என்று அவளிடம் சொன்னால் கை நிற்குமா? வெட்டாத முழுப் படத்துக்கும் வெளிச்சத்தை ஏற்றினாள்.

இடது ஓரத்தில் ஒரு கை வந்தது. மஞ்சள் ரப்பர் உறை போட்ட கை, ஒரு டார்ச்சைத் தூக்கிப் பிடித்திருந்தது. பிறகு நீலச் சீருடை. பிறகு முகம். கூசும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பூட்டையே பார்க்கிற ஐம்பது வயது அம்மா ஒருவர். காலடியில் ஒரு வாளி. இரண்டு காலையும் ஊன்றி நின்றிருந்தார்.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"யாரு இவங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"கீழ விழுந்தவங்க," என்றான் அண்ணன். "இருட்டா இருந்துச்சு சார். டார்ச் பிடிங்கன்னு கேட்டேன். பிடிச்சாங்க."

நெற்றியில் இருந்த கண்ணாடி அப்போதுதான் கண்ணுக்கு இறங்கியது. அதிகாரி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "இவங்க எப்ப ஆஸ்பத்திரியில சேந்தாங்க?"

"வியாழக்கிழமை சார்."

"அதுக்கப்புறம் எழுந்து நின்னாங்களா?"

சூப்பர்வைசர் வக்கீலைப் பார்த்தான். அதிகாரி மறுபடி கேட்டார். "இல்ல சார்," என்றான் சூப்பர்வைசர், வாத்தியாரிடம் மாட்டின பையன் மாதிரி.

வக்கீல், இந்த உருவத்தைக்கூட ஒட்டவைத்திருக்கலாம் என்று ஆரம்பித்தார். "கோப்பு மூணு வாரமா என் அலமாரியில இருக்கு," என்றார் அதிகாரி. "ஒட்ட வச்சிருந்தா அன்னிக்கே காட்டி ஜெயிச்சிட்டுப் போயிருப்பாங்களே. வெட்டி மறைச்சா கொண்டு வருவாங்க? உக்காருங்க." அந்த அம்மாவிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று எழுதினார். அதுவரை அண்ணனை நிறுத்தி வைத்தது செல்லாது என்றும் எழுதினார்.

அதே மாடிப்படி. அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம். எனக்கு அதெல்லாம் வராது. அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"டார்ச் பிடிச்ச ஆள் ஒருத்தங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியும். ஏன்டா இத்தனை நாளா சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"எந்த மூஞ்சியோட போய்க் கேக்கறது?" என்றான். "நான் பாத்துக்கற லிஃப்ட்ல விழுந்தவங்க. கம்பெனிதான் ஆஸ்பத்திரிச் செலவு பாக்குது. எனக்காகப் பேசுவாங்களா?"

அண்ணி எங்களுக்கு முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஜெயித்தவள் நடை இல்லை. "இருட்டுல யாரு இருக்கான்னுகூடப் பாக்கல," என்றாள், யாரிடமும் இல்லாமல். "வெட்டிட்டேன்."

மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாக்குமூலத்தில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்பது, நன்றி சொல்வது, இரண்டும் எங்கள் திட்டம். பெண்கள் வார்டில் கடைசிக்கு முந்தின கட்டில். காலைத் தூக்கி எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விபத்து நடந்து ஐந்து வாரம். நாங்கள் ஒருவரும் இதுவரை அந்த வாசலை மிதிக்கவில்லை. விசாரணைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த மனுவில் அவரைப் பற்றி 'பாதிக்கப்பட்டவர்' என்று பதினேழு இடத்தில் எழுதியிருந்தோம்.

"வாங்க," என்றார் அண்ணனைப் பார்த்து. "இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

அண்ணி முழுப் படத்தையும் அச்சுப் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். அதை அவர் கையில் கொடுத்தாள். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். தன் கால்களைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இந்தப் பக்கத்தை நான் வெட்டிட்டேங்க," என்றாள் அண்ணி. "நீங்க இருக்கறது தெரியாம. மன்னிச்சுக்குங்க."

"யாருமே கேக்கலயேம்மா என்னை. கம்பெனி ஆளுங்க வந்தாங்க, பழம் வச்சாங்க, கையெழுத்து வாங்கினாங்க, போனாங்க. நீங்க கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன். செவ்வாய்க்கிழமை நாந்தானே டார்ச் பிடிச்சேன்?" படத்தைப் போர்வையின் மேல் வைத்தார். "யாரு வேணா வரட்டும், உள்ளதைச் சொல்றேன். அதுல உங்களுக்குச் சந்தேகம் வேணாம்."

அண்ணன் கையைக் கூப்பினான். அவன் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் ஐந்து வாரத்தில் முதல்முறையாகக் கோபம் இறங்கிக்கொண்டிருந்தது.

"கையை இறக்குங்க," என்றார் அவர். குரல் மாறியிருந்தது. "எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னிக்குப் பூட்டு போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். படம் பிடிச்சீங்க, ஆபீசுக்கு அனுப்பினீங்க. நான் இங்க, உங்க கண்ணு முன்னாடி நிக்கறேன். டார்ச்சைத் திருப்பி வாங்கிக்கிட்டு, போதும்மா, நீங்க போய் வேலையைப் பாருங்கன்னீங்க. அந்தக் கதவுகிட்டப் போகாதீங்கன்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். லிஃப்டை ஓட்டச் சொன்னது சூப்பர்வைசர், நிறுத்தட்டுமா என்று அண்ணன் கேட்டானே, அவன் கையில் என்ன இருந்தது. எல்லாம் நாக்கில் தயாராக இருந்தது.

"நீங்க சும்மா இருங்கம்மா," என்றார் என்னைப் பார்க்காமலே. "நான் அவரைக் கேக்கறேன். சொன்னீங்களா?"

"சொல்லல," என்றான் அண்ணன்.